அத்தியாயம் 7: அதேவா, அது போன்றதா? ஒப்புமை சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். வெளிநாட்டு பையர் ஒப்புதல் தந்த சாம்பிள் மேசையில் இருக்கிறது. பக்கத்தில், அதைப் பார்த்துத் தைத்த டி-ஷர்ட். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பையர் மெயிலில் கேட்டிருக்கிறார். மெர்ச்சண்டைசர் பதில் எழுத வேண்டும். ‘சிமிலர்’ என்று எழுதினால், “அப்படியானால் வித்தியாசம் எங்கே?” என்று அடுத்த மெயில் வரும். ‘ஐடென்டிகல்’ என்று எழுதிவிட்டு, சரக்கு போய்ச் சேர்ந்தபின் கழுத்துப் பட்டை அரை சென்டிமீட்டர் கூடியிருந்தால், அந்தச் சொல்லைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்வார். ‘ஈக்விவலென்ட்’ என்றால் துணியையே மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்படுவார். பேச்சில் இதே கேள்விக்கு நாம் “சேம் டு சேம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். எழுத்தில் அது செல்லாது.

ஒப்புமையைச் சொல்ல ஆங்கிலத்தில் முப்பது நாற்பது சொற்கள் உண்டு. ரோஜெட் 1852ல் வெளியிட்ட தெசாரஸ் போன்ற நூல்கள் அவற்றை ஓரிடத்தில் குவித்துத் தரும். எது எங்கே பொருந்தும் என்பதை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனப்பாடம் தேவையில்லை. ஒரு சொல்லைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்:

1. எவ்வளவு ஒத்திருக்கிறது? முழுக்கவா, ஓரளவா?
2. எதில் ஒத்திருக்கிறது? தோற்றத்திலா, மதிப்பிலா, செயலிலா?
3. எதனால் ஒத்திருக்கிறது? ரத்த உறவாலா, யாரோ பார்த்துச் செய்ததாலா, தற்செயலா?

இந்த அத்தியாயம் அந்த மூன்று கேள்விகளின் வரிசையிலேயே போகிறது.

முதல் கேள்வி: எவ்வளவு?

*சேம்.* இதற்கு இரண்டு வேலை. “வி ஸ்டடீட் இன் த சேம் ஸ்கூல்” என்றால் பள்ளி ஒன்றுதான். இருவரும் அங்கே படித்தோம். “ஷி பாட் த சேம் சாரி” என்றால் சேலை இரண்டு. ரகமும் நிறமும் ஒன்று. தமிழில் ‘அதே’ என்ற சொல்லும் இந்த இரண்டு வேலையையும் செய்வதால் இதில் நமக்குச் சிரமமில்லை. சிரமம் வருவது முன்னும் பின்னும் ஒட்டும் சொற்களில்தான். முன்னால் ‘த’ வர வேண்டும். பின்னால் ‘ஆஸ்’ வர வேண்டும். “மை போன் இஸ் த சேம் ஆஸ் யுவர்ஸ்” என்பதே சரி. ‘சேம் லைக்’ என்று ஆங்கிலத்தில் கிடையாது.

*ஐடென்டிகல்.* இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும்; தேடிப் பார்த்தாலும் வேறுபாடு அகப்படக் கூடாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு நட்டுகள், ஒரே கோப்பிலிருந்து அச்சிட்ட இரண்டு பக்கங்கள். ஒரே கருமுட்டை பிரிந்து பிறக்கும் இரட்டையரை ‘ஐடென்டிகல் ட்வின்ஸ்’ என்பார்கள். இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்பவர்கள் ‘ஃப்ரேட்டர்னல் ட்வின்ஸ்’. சாதாரண உடன்பிறப்புகள் எவ்வளவு ஒத்திருப்பார்களோ அவ்வளவுதான் இவர்களும் ஒத்திருப்பார்கள், ஒன்று ஆணும் ஒன்று பெண்ணுமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஐடென்டிகல் இரட்டையரின் கைரேகையும் ஒன்றல்ல. அந்தப் பெயரில் இச்சொல் கருவின் தொடக்கத்தைக் குறிக்கிறது. அன்றாட எழுத்தில் ‘ஐடென்டிகல்’ போடுமுன் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.

இச்சொல்லுக்கு முன் ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’, ‘விர்ச்சுவலி’ போடலாம். ‘வெரி ஐடென்டிகல்’ என்று எழுதக் கூடாது. வித்தியாசமே இல்லாத ஒன்றில் ‘மிக’ எங்கிருந்து வரும்?

*சிமிலர்.* ஒற்றுமை உண்டு, வேற்றுமையும் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் சொல் இது. ‘சிமிலர்’ என்று கேட்டதும் ஆங்கிலம் அறிந்தவர் காது, அடுத்து வரப்போகும் ‘பட்’டுக்குக் காத்திருக்கும். அதனால்தான் ‘எக்ஸாக்ட்லி சிமிலர்’ என்ற தொடர் நெருடுகிறது. அந்த இடத்தில் ‘எக்ஸாக்ட்லி அலைக்’ என்றோ ‘ஐடென்டிகல்’ என்றோ எழுதுங்கள். ‘வெரி சிமிலர்’, ‘சம்வாட் சிமிலர்’ இரண்டும் சரி. பின்னால் வருவது ‘டு’ மட்டுமே. ‘வித்’ அல்ல, ‘ஆஸ்’ அல்ல.

கணக்கு வகுப்பில் மட்டும் இந்தச் சொல் கறாராகிவிடும். பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 3, 4, 5 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணமும் 6, 8, 10 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணமும் ஆங்கிலத்தில் ‘சிமிலர்’. கோணங்கள் அச்சாக அவையே, பக்கங்கள் ஒரே விகிதம், அளவு மட்டும் வேறு. அளவும் ஒன்றாகிவிட்டால் ‘காங்ருவென்ட்’, நம் பாடநூல் சொல்லும் சர்வசமம். வழக்கில் தளர்வாகப் புழங்கும் ஒரு சொல்லைத் துறைக்குள் வரையறுத்துப் பூட்டிவிடுவது ஆங்கிலத்தில் சாதாரணம். எந்தத் துறைக்காக எழுதுகிறீர்களோ அந்தத் துறையில் சொல்லின் எல்லை என்ன என்று பார்த்துவிட்டே எழுதுங்கள்.

*அலைக்.* பொருளில் ‘சிமிலர்’க்கு அண்டை வீடு. இலக்கணத்தில்தான் வேறுபாடு. இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. ‘சிமிலர் ஹவுசஸ்’ உண்டு, ‘அலைக் ஹவுசஸ்’ இல்லை. “த டூ ஹவுசஸ் ஆர் அலைக்” என்று பின்னால்தான் வைக்க வேண்டும். இரண்டு பொருளையும் முதலிலேயே சொல்லிவிடுவதால் பின்னால் ‘டு’வுக்கும் வேலையில்லை. இன்னொரு அழகான பயன்பாடு: “யங் அண்ட் ஓல்ட் அலைக்”, அதாவது சிறியவர் பெரியவர் என்ற பேதமில்லாமல்.

*காம்பரபிள்.* அழுத்தம் முதல் அசையில். ஒரே தராசில் வைத்துப் பார்க்கத் தகுந்தது என்று பொருள். சம்பளம், விலை, தரம், பரப்பளவு போன்ற, அளக்கக்கூடிய விஷயங்களுக்கு இதுவே பொருத்தம். ‘எ காம்பரபிள் சேலரி’ என்று வேலை வாய்ப்புக் கடிதத்தில் இருந்தால், பழைய சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடானது என்று கொள்ளுங்கள். அதே தொகை தருவதாக அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

நீதிமன்றம் ஏறிய ‘எவ்வளவு’

ஒப்புமையின் அளவு எவ்வளவு காசு பெறும் என்பது தெரிய வேண்டுமானால் வணிகச் சின்ன வழக்குகளைப் பார்க்கலாம். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் ‘ஐடென்டிகல்’ என்ற சொல்லோடு நிற்கவில்லை. ‘டிசெப்டிவ்லி சிமிலர்’ என்ற தொடரையும் சேர்த்து, அதற்கு வரையறையும் தருகிறது. ஏமாற்றவோ குழப்பவோ வாய்ப்புள்ள அளவுக்கு ஒரு சின்னம் இன்னொன்றை நெருங்கி ஒத்திருந்தால் அது ‘டிசெப்டிவ்லி சிமிலர்’. வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வாங்குபவர் குழம்பக்கூடும் என்றாலே போதும்.

‘அம்ரித்தாரா’ என்ற மருந்துக்கும் ‘லக்ஷ்மண்தாரா’ என்ற மருந்துக்கும் நடந்த வழக்கு 1962ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அம்ரித் என்றால் அமுது, லக்ஷ்மண் என்பது ஆள் பெயர். பிரித்துப் பார்த்தால் பொருள் வேறு வேறுதானே என்று வாதம் வைக்கப்பட்டது. கடைக்கு வரும் சாதாரண மனிதர் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை, அரைகுறை ஞாபகத்தோடுதான் வருவார், அவர் காதில் மொத்தமாக எப்படி விழுகிறது என்பதே கணக்கு என்றது நீதிமன்றம். 2001ல் ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடாப்’ என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் பெயர் பற்றிய கெடிலா வழக்கில், மருந்துப் பெயர்களில் குழப்பம் உயிரோடு விளையாடுவது என்பதால் அங்கே அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மிட்டாயில் தாங்கக்கூடிய ‘சிமிலர்’ மாத்திரையில் தாங்காது. ஒப்புமையின் அளவைச் சொல்லும்போது, யார் பார்த்து, எதற்காக முடிவெடுக்கப் போகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் கேள்வி: எதில்?

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் உவமவியல், ஒப்புமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காக வகுக்கிறது. செய்யும் செயல், அதனால் விளையும் பயன், வடிவம், நிறம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உவம உருபுகளையும் சொல்கிறது. பிற்காலத்தில் அந்தப் பங்கீடு கலைந்து, இன்று ‘போல’ ஒன்றே பெரும்பாலும் எல்லா வேலையையும் பார்க்கிறது. ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக்கொள்ள அந்த நான்கும் இன்றும் உதவும்.

*மெய், வடிவம்: ரிசெம்பிள்.* கண்ணுக்குத் தெரியும் சாயலைச் சொல்ல முதலில் நினைவுக்கு வர வேண்டிய வினைச்சொல். “ஷி ரிசெம்பிள்ஸ் ஹர் ஆன்ட்” என்றால் அத்தையின் சாயல். இங்கே தமிழே வழிகாட்டும்: ‘அத்தையை ஒத்திருக்கிறாள்’ என்று இரண்டாம் வேற்றுமை போடுகிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் அப்படியே நேரடியாகச் செயப்படுபொருள். இடையில் ‘டு’ கூடாது. ‘ஈஸ் ரிசெம்ப்ளிங்’ என்று தொடர்வினையாக்குவதும் தவறு. சாயல் நடந்துகொண்டிருக்கும் செயலல்ல. பேச்சில் ‘லுக்ஸ் லைக்’ போதும். எழுத்தில் ‘ரிசெம்பிள்’ மிடுக்கு.

*உரு, நிறம்: மேட்ச்.* இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொருந்த வேண்டும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது தினசரிச் சொல். பையர் தரும் நிறத்துக்கு ஏற்ப முதலில் சிறு துண்டுத் துணியில் சாயமேற்றி அனுப்புவதை ‘லேப் டிப்’ என்கிறார்கள். அது மேட்ச் ஆகிறதா என்று பார்க்க லைட் பாக்ஸ் என்ற பெட்டி இருக்கிறது. பகல் வெளிச்சத்துக்கு ‘டி65’ விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ‘டிஎல்84’ என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பகல் விளக்கில் அச்சாகப் பொருந்திய இரண்டு நீலம், கடை விளக்கில் ஒன்று சற்றுச் செம்மை தட்டித் தெரியலாம். சாயக் கலவை வேறாக இருந்தால் இப்படி நேரும். ‘மெட்டாமெரிசம்’ என்று இதற்குப் பெயர். “த ஷேட்ஸ் மேட்ச்” என்று எழுதுவதைவிட “த ஷேட்ஸ் மேட்ச் அண்டர் டி65” என்று எழுதுவது பிற்பாடு வரும் தகராறைத் தவிர்க்கும்.

சேலைக்கு ரவிக்கை ‘மேட்ச்’ என்று நாம் சொல்வதில் இன்னொரு பொருள் இருக்கிறது. அங்கே நிறம் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. எடுப்பாக இருந்தால் போதும். ஆங்கிலத்தில் அதற்கு ‘கோ வித்’ என்பார்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு ‘கோஸ் வித்’. மஞ்சளுக்கு அதே மஞ்சள் ‘மேட்சஸ்’.

*பயன், மதிப்பு: ஈக்விவலென்ட்.* தோற்றத்தைப் பற்றி இந்தச் சொல்லுக்குக் கவலையே இல்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் நஷ்டமில்லை என்பதே இதன் பொருள். 100 டிகிரி செல்சியஸ், 212 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஈக்விவலென்ட். வெளிநாட்டில் பட்டம் வாங்கி வருபவர்களுக்கு இந்தியாவில் தரப்படுவது ‘ஈக்விவலென்ஸ்’ சான்றிதழ். அந்தப் பாடத்திட்டம் இங்கே இருப்பது போலவே இருக்கிறது என்று அது சொல்வதில்லை. இங்கே அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதையே சொல்கிறது. வேலை விளம்பரத்தில் ‘டிப்ளமோ ஆர் ஈக்விவலென்ட்’ என்றிருந்தால் அதே பொருள்தான்.

*வினை, செயல்: அனலாகஸ்.* இதைப் புரிந்துகொள்ள உயிரியல்தான் நல்ல இடம். வௌவாலின் சிறகையும் பூச்சியின் சிறகையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பறக்க உதவுகின்றன. ஆனால் வௌவால் சிறகுக்குள் கை எலும்பும் விரல் எலும்புகளும் இருக்கின்றன. பூச்சிச் சிறகில் எலும்பே இல்லை. செயல் ஒன்று, அமைப்பும் பிறப்பும் வேறு, இவை ‘அனலாகஸ்’. இதற்கு நேர் எதிர், வௌவாலின் சிறகும் திமிங்கிலத்தின் துடுப்பும் நம் கையும். ஒன்று பறக்கிறது, ஒன்று நீந்துகிறது, ஒன்று எழுதுகிறது. உள்ளே எலும்புகளின் வரிசை ஒன்றே. இவை ‘ஹோமாலகஸ்’. ஆங்கிலேய உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன் 1843ல் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நம் பாடநூல்கள் இவற்றைச் செயல் ஒத்த உறுப்புகள், அமைப்பு ஒத்த உறுப்புகள் என்கின்றன.

அறிவியலுக்கு வெளியே ‘அனலாகஸ்’ எழுதும்போதும் இந்தச் சிறகை மனத்தில் வையுங்கள். ஓர் அமைப்பில் ஒன்று என்ன வேலை செய்கிறதோ, வேறொரு அமைப்பில் அதே வேலையை இன்னொன்று செய்தால் மட்டுமே இச்சொல். இரண்டு நாற்காலிகள் ‘அனலாகஸ்’ ஆக முடியாது, அவை ‘சிமிலர்’.

*பேரலல்.* இது நிகழ்ச்சிகளுக்கும் வாழ்க்கைகளுக்கும் உரிய சொல். தொட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுபவை. இயற்கைத் தேர்வு என்ற கருத்துக்கு டார்வினும் வாலஸும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். இருவர் எழுத்தும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அவர்கள் சிந்தனை ஓடிய விதத்தை ‘பேரலல்’ எனலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் இச்சொல் பொருந்தாது.

மூன்றாம் கேள்வி: எதனால்?

*ரத்த உறவு.* ‘டேக் ஆஃப்டர்’ குடும்பத்துக்கு மட்டுமே உரியது. அதிலும் இளையவர்தான் மூத்தவரை ‘டேக் ஆஃப்டர்’ செய்ய முடியும். “ஹி டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் கிராண்ட்ஃபாதர்” என்றால் தாத்தாவைக் கொண்டு பிறந்திருக்கிறான். முகமாகவும் இருக்கலாம், குணமாகவும் இருக்கலாம். தாத்தா பேரனை ‘டேக் ஆஃப்டர்’ செய்வதில்லை, மருமகள் மாமியாரையும் செய்வதில்லை. ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ முகத்துக்கு. “அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்” என்று நாம் சொல்லும் இடத்தில் இது கச்சிதமாக உட்காரும். ‘அகின்’ என்ற சொல்லுக்குள்ளேயே உறவு என்று பொருள்படும் ‘கின்’ இருக்கிறது. இன்று அது மனிதர்களைவிட உணர்வுகளையும் கருத்துகளையும் இணைக்கவே அதிகம் பயன்படுகிறது. ‘எ ஃபீலிங் அகின் டு ஃபியர்’ என்றால் பயத்துக்கு அக்கம்பக்கத்திலிருக்கும் ஓர் உணர்வு.

*பார்த்துச் செய்தது.* தமிழ்நாட்டில் ஆங்கிலம் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். காரணம், இந்தச் சொற்களில் சில தமிழுக்குள் வந்து வேறு பொருளில் குடியேறிவிட்டன. நம் வழக்கில் ‘டூப்ளிகேட்’ என்றால் போலி. “இது ஒரிஜினல் இல்லை சார், டூப்ளிகேட்” என்பார் உதிரிபாகக் கடைக்காரர். ஆங்கிலத்தில் ‘டூப்ளிகேட்’ மீது களங்கம் இல்லை. ‘டூப்ளிகேட் கீ’ இரண்டாவது சாவி. ‘டூப்ளிகேட் மார்க் ஷீட்’ உரிய அலுவலகமே முத்திரையிட்டுத் தரும் மறுபிரதி. போலியைச் சொல்ல ‘ஃபேக்’, ‘கவுன்ட்டர்ஃபீட்’ இருக்கின்றன. ஏமாற்றும் நோக்கோடு செய்த ரூபாய் நோட்டு, பிராண்டட் பொருள் எல்லாம் ‘கவுன்ட்டர்ஃபீட்’. பொய்க் கையெழுத்தும் பொய் ஆவணமும் ‘ஃபோர்ஜரி’. ‘இமிடேஷன்’ இவற்றிலிருந்து தள்ளி நிற்கும் யோக்கியமான சொல். ‘இமிடேஷன் ஜுவல்லரி’ என்று பலகை மாட்டியே விற்கிறார்கள், யாரும் தங்கம் என்று நினைத்து வாங்குவதில்லை.

‘ரெப்ளிகா’ என்பது கலையுலகில் முதலில், மூலத்தைப் படைத்த கலைஞரே தன் கையால் செய்த மறுபடைப்பைக் குறித்தது. இன்று நினைவுக் கோப்பை முதல் விமானத்தின் மாதிரி வரை கவனமாகச் செய்த எந்தப் பிரதிக்கும் வழங்குகிறது. ‘ஃபேக்சிமிலி’ அச்சு, கையெழுத்து, ஓவியம் போன்றவற்றின் அச்சு அசலான படி. அதன் குறுக்கமே நாம் அறிந்த ஃபேக்ஸ்.

சினிமாவில் கதாநாயகனுக்காக மாடியிலிருந்து குதிப்பவரை நாம் ‘டூப்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அவர் ‘ஸ்டன்ட் டபுள்’. அங்கே போய் ‘டூப்’ என்று சொன்னால் ஏமாந்த சோணகிரி என்று பொருளாகிவிடும். சமூக ஊடகத்தில் விலை உயர்ந்த பொருளின் மலிவு நகலுக்கும் இப்போது அந்த ஒலியில் ஒரு சொல் புழங்குகிறது. ஸ்டன்ட் கலைஞருக்கு இரண்டுமே பொருந்தாது.

*தற்செயல்.* உறவும் இல்லை, பார்த்தும் செய்யவில்லை, ஆனாலும் ஒத்திருக்கிறது. பேச்சில் ‘லுக்அலைக்’. திகைக்க வைக்கும் அளவுக்கு ஒத்திருந்தால் ‘டெட் ரிங்கர்’. குதிரைப் பந்தயத்தில் ஒரு குதிரைக்குப் பதிலாக அதைப் போலவே தோன்றும் வேறு குதிரையை ஓடவிடும் தில்லுமுல்லிலிருந்து வந்தது. ‘டாப்பல்கேங்கர்’ ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. அதற்குள் ஆவியின் நிழல் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளுக்குப் பதில் ஆளாக நிறுத்தினால் அவர் ‘டபுள்’.

இரண்டாம் உலகப் போரில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ராணுவச் சம்பளப் பிரிவில் இருந்த கிளிஃப்டன் ஜேம்ஸ் என்ற நடிகர், தளபதி மான்ட்கோமரியைப் போலவே இருந்தார். 1944 மே மாதம், நார்மண்டித் தரையிறக்கத்துக்குச் சில நாள் முன், ஜெர்மானியரைத் திசைதிருப்ப அவரை மான்ட்கோமரியாக ஜிப்ரால்டருக்கும் அல்ஜியர்ஸுக்கும் அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் அவர் ஒரு விரலை இழந்திருந்தார். அதற்குச் செயற்கை விரல் பொருத்த வேண்டியிருந்தது. முதலில் அவர் வெறும் ‘லுக்அலைக்’. விரல் பொருத்தி, நடையையும் பேச்சையும் பழக்கி, தளபதியின் உடுப்பை மாட்டி அனுப்பிய பிறகே ‘டபுள்’.

நான்கு பெயர்ச்சொற்கள்

‘சிமிலாரிட்டி’ பொதுவானது, எதற்கும் பொருந்தும். ‘ரிசெம்ப்ளன்ஸ்’ பெரும்பாலும் தோற்றத்துக்கு. ‘பேர் எ ரிசெம்ப்ளன்ஸ் டு’ என்ற தொடராகக் கற்றுக்கொள்ளுங்கள்.

‘லைக்னஸ்’ உயிருள்ளவரின் சாயலை ஓவியமோ சிலையோ பிடித்திருக்கும் திறம். சர்ச்சிலின் 80ஆம் பிறந்தநாளுக்காக 1954ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கிரஹம் சதர்லாண்டைக் கொண்டு அவரை வரையச் செய்து பரிசளித்தது. பார்த்தவர்களில் சிலர் நல்ல ‘லைக்னஸ்’ என்றார்கள். சர்ச்சிலுக்கோ அடியோடு பிடிக்கவில்லை, ஓவியம் பின்னர் குடும்பத்தாரின் விருப்பப்படியே அழிக்கப்பட்டது. சாயல் சரியாக விழுவதும் ஆளுக்குப் பிடிப்பதும் வேறு வேறு. ‘லைக்னஸ்’ முதலாவதை மட்டும் சொல்லும்.

‘செம்ப்ளன்ஸ்’ கவனமாகக் கையாள வேண்டியது. மேலுக்கு மட்டும் தெரிவது, உள்ளே அப்படி இல்லை என்ற குறிப்பு அதில் இருக்கிறது. ‘எ செம்ப்ளன்ஸ் ஆஃப் ஆர்டர்’ என்றால் பெயருக்கு ஓர் ஒழுங்கு. ஒருவர் நிர்வாகத்தைப் புகழ நினைத்து இச்சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

‘லைக்’கும் ‘ஆஸ்’ஸும்

இந்த இரண்டில் திணறாத ஆங்கில மாணவர் குறைவு. தமிழ் தெரிந்தவருக்கு இதில் திணற வேண்டியதில்லை. ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஆஸ்’. ‘போல’ வரும் இடத்தில் ‘லைக்’. “ஹி ஸ்போக் ஆஸ் எ டீச்சர்” என்றால் ஆசிரியராகப் பேசினார், அவர் ஆசிரியரே. “ஹி ஸ்போக் லைக் எ டீச்சர்” என்றால் ஆசிரியரைப் போலப் பேசினார். அவர் வேறு யாரோ. பின்னால் வினைமுற்றோடு முழு வாக்கியம் வந்தால் எழுத்தில் ‘ஆஸ்’: “டு ஆஸ் ஐ சே”, நான் சொல்கிறபடி செய்.

அடிக்கடி வரும் பிழைகள்

- ‘ரிசெம்பிள்ஸ் டு ஹர் மதர்’ தவறு. ‘ரிசெம்பிள்ஸ் ஹர் மதர்’ சரி.
- ‘சேம் லைக் திஸ்’ தவறு. ‘த சேம் ஆஸ் திஸ்’ சரி.
- ‘சிமிலர் வித்’, ‘சிமிலர் ஆஸ்’ தவறு. ‘சிமிலர் டு’ சரி.
- ‘ஐடென்டிகல் ஆஸ்’ தவறு. ‘ஐடென்டிகல் டு’, ‘ஐடென்டிகல் வித்’ இரண்டும் சரி.
- ‘ஈக்விவலென்ட் வித்’ தவறு. ‘ஈக்விவலென்ட் டு’ சரி.
- ‘மை சேலரி இஸ் சிமிலர் டு யூ’ தவறு. சம்பளத்தைச் சம்பளத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஆளோடு அல்ல; ‘சிமிலர் டு யுவர்ஸ்’ சரி.
- ‘கம்பேர் வித்’ என்றால் இரண்டையும் வைத்து ஒற்றுமை வேற்றுமை பார்ப்பது. ‘கம்பேர் டு’ என்றால் ஒன்றை இன்னொன்றுக்கு உவமையாக்குவது. நிலவுக்கு முகத்தை ‘கம்பேர் டு’. இரண்டு டெண்டர்களை ‘கம்பேர் வித்’.

பயிற்சி

எந்தச் சொல் பொருந்தும்? முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

1. நேற்று பள்ளிக்குக் கூட்டிச் சென்ற ஆட்டோவே இன்றும் வந்திருக்கிறது. (சேம் / ஐடென்டிகல்)
2. ஆர்.சி. புக் தொலைந்ததால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய மறுபிரதி. (இமிடேஷன் / டூப்ளிகேட் / ரெப்ளிகா)
3. ஒரு 20 ரூபாய் நோட்டும் இரண்டு 10 ரூபாய் நாணயங்களும். (சிமிலர் / ஈக்விவலென்ட்)
4. பறவையின் சிறகும் பட்டாம்பூச்சியின் சிறகும். (ஹோமாலகஸ் / அனலாகஸ்)
5. பாட்டியின் முன்கோபம் பேத்திக்கு அப்படியே வந்திருக்கிறது. (ரிசெம்பிள்ஸ் / டேக்ஸ் ஆஃப்டர்)
6. கலவரம் நடந்த கடைத்தெருவில் நாலு கடை திறந்திருக்கிறது. மேலுக்கு எல்லாம் சரியானது போல. (லைக்னஸ் / செம்ப்ளன்ஸ்)

விடைகள்

1. சேம். வண்டி ஒன்றுதான், ‘ஐடென்டிகல்’ என்றால் இரண்டு வண்டிகள் ஆகிவிடும்.
2. டூப்ளிகேட். உரிய அலுவலகமே தந்தது, போலியல்ல.
3. ஈக்விவலென்ட். தோற்றத்தில் ஒன்றுமே ஒத்துப்போகவில்லை, மதிப்பில் ஒத்துப்போகிறது.
4. அனலாகஸ். செயல் ஒன்று, சிறகின் அமைப்பு வேறு.
5. டேக்ஸ் ஆஃப்டர். ஒத்திருப்பது குணம், வந்த வழி ரத்த உறவு. ‘ரிசெம்பிள்ஸ்’ இலக்கணப்படி தவறில்லை, ஆனால் முதலில் முகச்சாயலையே நினைக்க வைக்கும்.
6. செம்ப்ளன்ஸ். ‘எ செம்ப்ளன்ஸ் ஆஃப் நார்மல்சி’ என்று செய்தித்தாளில் பார்த்தால், நிலைமை இன்னும் சரியாகவில்லை என்று நிருபர் நாசூக்காகச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.